படுவான்கரையில் ஒரு விடியற்பொழுது

நான் அனுப்பிய கடிதத்தில் "இரண்டு நாள் வதிவிட முகாம்" என்று எழுதியிருந்தேன். பழுகாமத்தில் வாவியோரமாக உள்ள ஒரு தென்னந்தோட்டத்தில் கூடாரமடித்துத் தங்குவதுதான் திட்டம். விரிவுரை இல்லை, கையேடு இல்லை, வெண்பலகை இல்லை. சமைத்துச் சாப்பிட்டு, கதைத்துப் பேசி, களைப்பாறிவிட்டு வீட்டுக்குப் போவது. போரதீவுப்பற்றிலும் மண்முனை தென்மேற்கிலும் இருந்து பதினெட்டுப் பெண்களை அழைத்திருந்தோம். எல்லோரும் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அவர்களுக்கு ஓய்வு என்ற ஒன்று வாழ்க்கையில் கிடைத்ததே இல்லையே என்ற எண்ணத்தில் நாங்கள் ஆசையோடு ஒழுங்கு செய்த நிகழ்வு அது.

மார்ச் மாதம். பெரும்போக அறுவடை முடிந்திருந்தது. முதல் நாள் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்தவர்கள், தோட்டத்துக்குள் நான்கு நீலக் கூடாரங்கள் நிற்பதைக் கண்டதும் படலையடியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. நான் ஓடிப்போய் "வாங்க அக்கா, வாங்க" என்கிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"என்ன மிஸ், திரும்பவும் முகாமா? தொண்ணூறில ஒருக்காக் கிடந்தம், ரெண்டாயிரத்து ஏழில ஒருக்காக் கிடந்தம். இனிச் செத்தாலும் கூடாரத்துக்க படுக்கமாட்டன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பேராதனையில் சமூகவியல் படித்தவள் நான். இடப்பெயர்வைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் "முகாம்" என்ற சொல் இந்தப் பெண்களின் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் முகாம் என்றால் ஒன்று அகதி முகாம், இல்லாவிட்டால் இராணுவ முகாம். ஆற்றங்கரையில் கூடாரமடித்துப் பொழுது கழிக்கிற முகாம் வேறு எங்கோ உள்ளவர்களுடையது.

நல்ல வேளையாகத் தோட்டத்து வீட்டில் பெரிய விறாந்தை ஒன்று இருந்தது. பாய்களை அங்கே விரித்தோம். கூடாரங்களைக் கழற்றிவிடுவோம் என்று நான் கயிற்றை அவிழ்க்கப் போனபோது, வயதில் எல்லோருக்கும் மூத்த பெரியம்மா ஒருவர் தடுத்தார்.

"அது நிற்கட்டும் புள்ள. நான் அதுக்க படுக்கிறன். பதிவில்லாம, அட்டை காட்டாம, ஒருதரும் வந்து தலையை எண்ணாம ஒரு நாளைக்குக் கூடாரத்தில படுத்துப் பார்க்கணும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிரவு அந்தக் கூடாரத்தில் அவரும் நானும் படுத்தோம். அவர் நன்றாக நித்திரை கொண்டார். எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

பழுகாமத்தை அறியாத வாசகிகளுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் வந்தால் களுவாஞ்சிகுடி. அங்கிருந்து மேற்கே திரும்பினால் பட்டிருப்புப் பாலம். பாலத்தைக் கடந்தால் போரதீவு, அப்பால் பழுகாமம். பெரியவர்கள் திருப்பழுகாமம் என்று சிறப்பாகச் சொல்வார்கள். திரௌபதை அம்மன் கோயிலும் அதன் தீமிதிப்பும் இவ்வூரின் பெருமை. ஊரைச் சுற்றி வயல்வெளி. நவகிரிக் குளத்து நீர் பாயும் வட்டைகள் இந்தப் பற்றுக்குச் சோறு போடுகின்றன. ஊரின் மறுபுறம் வாவி. புத்தகத்தில்தான் அது மட்டக்களப்பு வாவி. இங்குள்ளவர்களுக்கு அது "ஆறு". ஆத்துக்குப் போறன், ஆத்து மீன், ஆத்தோரம் என்றுதான் பேச்சு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மாவட்டத்தை நெடுக்காகப் பிளந்துகொண்டு கிடக்கும் அந்த நீர், கல்லாற்றிலும் பாலமீன்மட்டிலும் கடலைத் தொடுகிறது.

நீருக்குக் கிழக்கே, கடற்பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே, காட்டுப்பக்கம் இருப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, சூரியன் படுகிற கரை. நான் எழுவான்கரைக்காரி. சிறுவயதில் பின்னேரங்களில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு வாவிக்கரைக்குப் போவேன். செக்கச்சிவந்த சூரியன் அக்கரை மரங்களுக்குப் பின்னால் இறங்கும். "படுவான்கரையில போய்ப் படுக்குது" என்பார் அப்பா. அப்படித்தான் பழுகாமமும் போரதீவும் என் மனதில் சூரியன் போய்ப் படுக்கிற இடங்களாக இருந்தன.

விடிய ஐந்தரை மணியிருக்கும். கூடாரத்துக்குள் அசைவு தெரிந்தது. பெரியம்மா எழுந்து தலையை முடிந்துகொண்டிருந்தார்.

"எங்க பெரியம்மா வெள்ளென?"

"சும்மா. ஆத்தோரம் ஒருக்கா நடந்துபோட்டு வருவம் எண்டு."

தனியே விட மனமில்லை. தோட்டத்துக்காரர் முதல் நாளே எச்சரித்திருந்தார், இருட்டோடு வெளிக்கிட வேண்டாம் என்று. யானைப் பயம். போரதீவுப்பற்றில் யானை வராத ஊர் குறைவு. வேலி போட்டும் வெடி கொளுத்தியும் பார்க்கிறார்கள், அறுவடைக் காலத்தில் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. போர் முடிந்த பிறகும் இரவில் சத்தம் கேட்டால் எழுந்து குந்துகிற ஊர்கள் இவை. ஆகவே கீழ்வானம் நன்றாக வெளுக்கும்வரை படலையடியில் நின்றோம். பிறகு நடந்தோம்.

மாடுகள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் அறுத்த வயலின் ஒட்டு, மறுபக்கம் நீர். கரையில் கண்டல் பற்றைகளும் கிண்ணை மரங்களும் இடையிடையே பன் புல்லும். மாரியில் இந்தப் பாதை தண்ணீருக்குள் கிடக்குமாம், பங்குனியில்தான் கால் வைக்கலாம். பனி இறங்கி மண் ஈரமாக இருந்தது. பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நானும் கழற்றினேன். ஒரு நீர்க்காகம் கம்பொன்றில் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. இன்னும் வெயிலே வரவில்லை, அதற்குள் இதற்கு என்ன அவசரம் என்று பெரியம்மா சொன்னார்.

ஆறு மணி கடந்ததும் அக்கரையில், களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தென்னைகளின் கரிய வரிசைக்கு மேல் சூரியன் வந்தது. நான் நின்றுவிட்டேன். நீர் முழுவதும் அதன் நிறம். என் ஊர் அந்தத் தென்னைகளுக்குள் இருக்கிறது. எத்தனையோ தரம் வேலையாகப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வந்திருக்கிறேன், கூட்டம் வைத்திருக்கிறேன், படிவம் நிரப்பியிருக்கிறேன், இருட்டுவதற்குள் திரும்பியிருக்கிறேன். ஒரு நாளும் இங்கே விடிந்து பார்த்ததில்லை. சூரியன் படுகிற கரை என்று நாங்கள் பெயர் வைத்த இடத்தில் நின்று பார்த்தால், எங்கள் ஊரில் தெரிவதைவிட அழகாகச் சூரியன் உதிக்கிறது.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியவில்லை. "எங்களுக்கு எப்பவும் இஞ்சாலதான் விடியுது" என்றார்.

அவருக்குச் சொல்லாத இரண்டு விடயங்களை இங்கே எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது மேற்கே, பட்டிருப்புப் பாலத்தை நோக்கித்தான். பாலத்தைக் கடந்து படுவான்கரையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்தோம். அந்த வீட்டுக்காரி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பானை வைத்தார். பத்துப் பதினைந்து பேருக்குச் சோறும் பருப்பும். உடுத்திருந்த சட்டையோடு ஓடிவந்த எனக்குத் தன் மகளின் சட்டையைத் தந்தார். அவரின் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

மற்றது 2007 மார்ச். படுவான்கரையில் சண்டை மூண்டு, பல்லாயிரக்கணக்கான சனங்கள் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். பாலத்தால் வந்தார்கள், தோணியால் வந்தார்கள். பாடசாலைகள் எல்லாம் முகாம்கள். எனக்குப் பதினேழு வயது, உயர்தரப் படிப்பு. எங்கள் வகுப்பறையிலும் குடும்பங்கள். நான் இருந்து படித்த மேசையில் ஒரு குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். விளையாட்டுத் திடலில் வரிசை வரிசையாகத் தறப்பாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இவர்கள் எப்போது போவார்கள், எப்போது வகுப்புத் தொடங்கும் என்பதுதான். மே மாதத்தில் மீள்குடியேற்றம் தொடங்கியது, அவர்கள் போனார்கள். அந்தச் சட்டை தந்த வீட்டுக்காரியும் அந்த வரிசைகளில் எங்காவது இருந்திருப்பாரா என்று அன்று நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். சமூக சேவைக்கு ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு. உண்மையான பதில் அந்த மேசை.

பாதை ஒரு வளைவில் திரும்பி நீருக்கு மிக அருகே போகிறது. அங்கே ஒருவர் தோணியில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் கையை நிறுத்தினார். இரண்டு பெண்கள், ஒருவர் வயதானவர், கையில் செருப்போடு, விடியற்காலையில், தண்ணீரைப் பார்த்தபடி. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னம்மா, ஆரையும் தேடுறீங்களா?"

எங்கள் பகுதியில் அது இயல்பான கேள்வி. அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இந்த ஆற்றங்கரையில் பெண்கள் விடியற்காலையில் நடந்தால் அதற்கு ஒரு காரணம்தான் இருந்த காலம் ஒன்று இருந்தது. அவருக்கு அப்போது பத்து வயதுகூட இருந்திராது. ஆனாலும் தெரிந்திருக்கிறது.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார்.

"இல்லத் தம்பி. இண்டைக்கு ஒண்டும் தேடல்ல. சும்மா நடக்கிறம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வலையை இழுக்கத் தொடங்கினார். நாங்கள் நடந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் நல்ல கேள்விகள் கேட்கப் பழக்குவார்கள், ஆனால் அன்று வாயைத் திறக்காமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே சரியான வேலை. கொஞ்சத் தூரம் போன பிறகு அவராகவே சொன்னார்.

1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கைக்குழந்தையும் வயிற்றில் ஒன்றும். வட்டைக்கு எருமை பார்க்கப் போன கணவர் திரும்பவில்லை. "ஆர் கொண்டு போன எண்டு கேட்காத புள்ள, அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு." அதன் பிறகு ஆற்றில் பிணம் மிதக்குது என்று யாராவது சொன்னால், மாமியாரும் இவரும் விடிய முதல் எழும்பிக் கரையோரமாக நடப்பார்களாம். பகலில் போகப் பயம். அவர் உடுத்திருந்தது களுவாஞ்சிகுடிச் சந்தையில் இவர் வாங்கிக் கொடுத்த சாறன், பழுப்புநிறக் கட்டம் போட்டது. அந்தக் கட்டத்தைத்தான் தேடுவது. முகத்தைப் பார்த்து அறிய முடியாது.

"ஒவ்வொரு தரமும் அது அவர் இல்லை. அவர் இல்லை எண்டு கண்டவுடன ஒரு சந்தோஷம் வரும் பாரு. மறுகா அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கம் வரும். அதுவும் ஒருத்தியிட புருசன்தானே."

எத்தனை நாள் நடந்தார் என்று அவருக்கே கணக்கில்லை. பிறகு நடப்பதை விட்டார். ஆற்று மீன் தின்பதையும் விட்டார், பதினைந்து வருடத்துக்கு மேல். இரண்டு பிள்ளைகளையும் நெல் குற்றியும் பாய் இழைத்தும் வளர்த்தார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஆற்றோரப் பாதையை விட்டுச் சுற்றி வீதியால்தான் போவாராம். முப்பது வருடங்களுக்குப் பிறகு, நேற்றிரவு கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டதாம். "நல்ல சத்தமாக் கிடந்திச்சு. விடியப் போய்ப் பார்ப்பம் எண்டு யோசிச்சன்." அவ்வளவுதான்.

"சும்மா நடக்கிறம்" என்று அவர் சொன்னதை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். எங்கள் பெண்கள் நடக்காதவர்களா? விறகுக்கு, தண்ணீருக்கு, வயலுக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, பிரதேச செயலகத்துக்கு, ஆணைக்குழுவுக்கு என்று ஆயுள் முழுவதும் நடந்தவர்கள். ஒரு காரணமும் இல்லாமல் ஒரு பெண் காலாற நடந்தால்தான் ஊர் கேள்வி கேட்கும். ஆண்கள் சந்தியில் சும்மா நிற்கலாம், பாலத்தில் சும்மா குந்தலாம். நம் கையில் ஒரு பையாவது இருக்க வேண்டும், போகுமிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சற்று அப்பால் முழங்கால் நீரில் இரண்டு பெண்கள் அத்தாங்கால் இறால் அரித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் சிறிய பறி. பெரியம்மா அவர்களோடு கதை கொடுத்தார். எந்தக் குடி, யாரின் மகள், எந்த ஊர் என்று விசாரித்ததில் அவர்களில் ஒருத்தி தூரத்து மச்சாள் முறை என்று கண்டுபிடித்துவிட்டார். தாயின் குடிதான் பிள்ளையின் குடி என்பது எங்கள் மட்டக்களப்பு வழமை, ஆகவே இரண்டு பெண்கள் சந்தித்தால் நான்கு கேள்வியில் உறவு பிடித்துவிடலாம். முதலை நிற்கிற ஆறாச்சே, பயமில்லையா என்று நான் கேட்டேன். "அது அங்கால நிற்கும் மிஸ், நாங்க இஞ்சால" என்றார்கள், சிரிக்காமல்.

அவர்களில் இளையவள் கரைக்கு ஏறிவந்து வேறொன்று கேட்டாள். தகப்பனின் பெயரில் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, தகப்பன் யாரையும் பின்னுரிமையாளராக எழுதாமலே செத்துப்போனார், தம்பி தனக்குத்தான் காணி என்கிறான், உண்மையா? எங்கள் வழமையில் வீடு வளவு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் அரச காணிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் அட்டவணை மகளை விட மகனுக்கு முன்னுரிமை கொடுத்திருந்தது. பாட்டி, அம்மா, மகள் என்று போன வளவுகள், அரசாங்கக் கடதாசி வந்ததும் ஆண்களின் பெயருக்கு மாறிய கதை எங்கள் பகுதியில் நிறைய உண்டு. 2022இல் வந்த திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கிவிட்டது. தகப்பன் இறந்த திகதியையும் கவனிக்க வேண்டும், ஆகவே தம்பியின் வாய்ச்சொல்லைக் கேட்டுவிட்டு இருக்காமல் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு வெல்லாவெளியில் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்குப் போகும்படி சொன்னேன். முழங்கால் வரை நனைந்த பாவாடையோடு நின்று கேட்டுக்கொண்டாள். விரிவுரை இல்லாத முகாம் என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் விரிவுரை வைத்ததற்காகப் பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பேச்சில்தான் அவரும் தன் கடதாசியைப் பற்றிச் சொன்னார். மரணச் சான்றிதழ் எடு, உதவி கிடைக்கும் என்று எத்தனையோ உத்தியோகத்தர்கள் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தபோது அதை எடுத்தாராம். "அதில செத்தார் எண்டு எழுதல்ல. அதுதான் எடுத்தன்." வேறு விளக்கம் தரவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியது. எதிர்க்கரையில் பஸ் ஹோர்ன் சத்தம் நீருக்கு மேலால் தெளிவாகக் கேட்டது. "கிறுகுவம் புள்ள" என்றார். திரும்பி வரும்போது அவர் பழைய கதைகளில் இறங்கிவிட்டார். 1978 கார்த்திகைச் சூறாவளிக்குப் பிறகு இந்தக் கரையில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல்விட்டு எண்ணலாமாம். தாயோடு திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு வண்டிலில் வந்தது, வைகாசிக் குளிர்த்தியில் கண்ணகை அம்மனுக்குப் பொங்கியது. எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நாம் கும்பிடுகிற பெண் தெய்வங்கள் யார்? சபையில் நியாயம் கேட்டவள் ஒருத்தி, அரசனிடம் நியாயம் கேட்டவள் ஒருத்தி. கோயிலில் அவர்களைக் குளிர்விக்கிறோம். வீட்டில் இருக்கிறவள் வாய் திறந்தால் அடங்கு என்கிறோம்.

தோட்டத்துக்கு வந்தபோது ஏழரை மணி. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, பதினேழு பேரும் கோபமாக இருந்தார்கள். யானை அடித்துவிட்டதோ என்று பயந்ததாக ஒருவர் ஏசினார். எங்களை ஏன் எழுப்பவில்லை என்று இன்னொருவர். கூடாரத்தைக் கண்டு நேர்த்தியைச் சொன்ன அக்கா மட்டும் பெரியம்மாவின் சேறு பூசிய காலைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டார். அன்று கிழமைக் கடனுக்கு வசூல்காரப் பொடியன் வருகிற நாளாம். வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் பின்வளவுக்குள் ஒளிந்திருப்பேன் என்று ஒருவர் சொல்ல, விறாந்தை முழுவதும் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலே எனக்குப் பாதிதான் பங்கு, அந்த நுண்கடன் கதையை இன்னொரு இதழில் எழுத வேண்டும்.

மறுநாள் விடிய நான் கண் விழித்தபோது படலையடியில் ஏழு பேர் நின்றார்கள். ஒருவர் யானைக்கென்று ஒரு தடி வைத்திருந்தார், அது யானைக்கு எந்த மூலைக்குக் காணும் என்று மற்றவர்கள் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சேலைத் தலைப்பில் பனங்கட்டி முடிந்திருந்தார். கொக்கட்டிச்சோலை அக்காவும் நின்றார். கூடாரத்தில் அவர் படுக்கவில்லை, அது நேர்த்தி. நடப்பதற்கு நேர்த்தி இல்லையாம்.

பெரியம்மா முன்னால் போனார். அதே வளைவில் அதே தோணிக்காரர் நின்றார். எட்டுப் பெண்களைக் கண்டதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த கம்பை வடக்கே நீட்டிச் சொன்னார்:

"தண்ணி நல்லா வத்திட்டுது அம்மா. அங்கால அந்த மருதமரத்தடி மட்டும் நடக்கலாம்."

மருதமரத்தடிவரை போனோம்.